நிறுத்தச் சொல்லும் வயர்

டீக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம் என்று நான் சொன்னதும் உங்கள் காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு எந்த வியாதியும் இல்லை. அக்காவுக்குத்தான் சர்க்கரை வியாதி. அவள் முன்னால் உட்கார்ந்து இனிப்பாக எதையும் குடிக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அவளுக்குப் பார்வை போய்விட்டது, என் டம்ளருக்குள் இருப்பதை அவள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் வைத்திருந்தேன். இப்போது என்னைப் பற்றித் தெருவில் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். வக்கீல் வேண்டாம் என்கிறார். நல்ல மனிதர், எனக்காகத் தூக்கம் கெட்டு அலைகிறார். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு முடிச்சுடலாம் சார். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்" என்கிறார். கோளாறு என்ற சொல்லை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. என் வேலையில் கோளாறு இருந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

என் வேலை, சத்தம் செய்வது. அருங்காட்சியகத்தில் ஒரு இருட்டறைக்குள் நுழைகிறீர்கள், தலைக்கு மேல் தகரக் கூரையில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மழை என்னுடையது. அதற்காக நான் நாள் முழுக்க மழையில் நனைந்து பதிவு செய்வதில்லை. ஒரு சின்னத் துண்டு மழை போதும். அதன் வாலைக் கொண்டுவந்து தலையோடு சேர்த்து, ஒட்டுப் போட்ட இடம் காதுக்குத் தெரியாமல் இழைத்துவிட்டால், கூடத்தைப் பூட்டுகிறவரை பெய்துகொண்டே இருக்கும். இதைத்தான் நாங்கள் லூப் என்கிறோம். ஒட்டுத் தெரிந்தால் வேலை குப்பை. பார்க்க வந்தவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு அது மழையில்லை, வெறும் ஸ்பீக்கர்.

இதை நான் எழுத்தில் எழுதுவதில்லை, படமாக வரைகிறேன். உங்கள் நிபுணர் திரையைக் காட்டும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள்: வெள்ளைத் தாள் போல ஒரு பரப்பு, அதில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலைதான். ஒன்று கேட்கும், ஒன்று எண்ணும், ஒன்று காத்திருக்கும், ஒன்று ஒலிக்கும். ஒரு பெட்டியின் அடியிலிருந்து இன்னொன்றின் தலைக்கு வயர் இழுத்தால், மேலே நடந்தது கீழே போய்ச் சேரும். லூப் வேண்டும் என்றால் கடைசிப் பெட்டியின் வயரை மேலே கொண்டுபோய் முதல் பெட்டியிலேயே சொருக வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மூக்குடைபடுவார்கள். அப்படியே நேராகச் சொருகினால் அது மூச்சு விடாமல் சுற்றும். கண் இமைப்பதற்குள் எத்தனை ஆயிரம் தடவை சுற்றியது என்று அதற்கே தெரியாது. திரை உறைந்துவிடும், சத்தம் நின்றுவிடும், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டால்தான் உண்டு.

அதனால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். சுற்றியது போதும் என்று சொல்ல ஒரு தனி வயர் இழுக்கலாம், அது நிறுத்தச் சொல்லும் வயர். இல்லாவிட்டால் நடுவில் ஒரு காத்திருக்கும் பெட்டியை வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மூச்சு விட வைக்கலாம். மூச்சு விட்டுச் சுற்றுகிற லூப்புக்குக் களைப்பே கிடையாது. நிறுத்தச் சொல்லும் வயர் அதில் இல்லாவிட்டாலும் எதுவும் உறையாது, எதுவும் நிற்காது. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். உங்கள் நிபுணர் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். மற்றபடி அவர் கெட்டிக்காரர்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். யார் கூப்பிட்டாலும், "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு உரிய ஆளைத் தேடிப் பிடித்து இணைப்புக் கொடுப்பாள். லைனில் இருக்கச் சொன்ன ஒருவரையாவது அப்படியே மறந்துவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எனக்காகத்தான் என்று ஊரே சொல்லும், அவள் மட்டும் சொன்னதில்லை. ஒரு தடவையாவது சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சர்க்கரை முதலில் அவள் கண்ணை எடுத்தது, பிறகு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது. உள்ளறையில் ஜன்னலோரமாகக் கட்டில். காலையிலும் மாலையிலும் நான்தான் ஊசி போடுவேன். டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஊசி தவறினால் என்ன ஆகும், எத்தனை சீக்கிரம் ஆகும், எப்படித் தாகம் எடுக்கும் என்பதையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு நன்றாகப் புரிந்தது. இதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அவள் தொந்தரவு கொடுக்கிறவள் இல்லை. "தம்பி" என்று கூப்பிடுவாள். அவ்வளவுதான். நான் அடுத்த அறையிலிருந்து, "இதோ வர்றேன்க்கா" என்பேன். கேஸை மூடிவிட்டாயா, வெளியே என்ன சத்தம், மணி என்ன, இப்படி ஏதாவது கேட்பாள். பாதி நேரம் நான் போக மறந்துவிடுவேன். அவளும் ஒன்றும் சொல்லமாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "தம்பி." மறுபடி, "இதோ வர்றேன்க்கா." ஒரு நாள் வேலை செய்துகொண்டே இதைக் கவனித்தேன். அவளுக்கு வேண்டியது பதில்தான், ஆள் இல்லை. பதில் வந்ததும் அவள் மூச்சு தணிந்துவிடுகிறது. இது என் கற்பனையில்லை. அவள் கட்டிலுக்கு மேலே ஒரு மைக் வைத்து, அதைத் திரையில் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நானோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவன். அவள் கூப்பிடுவது கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது? அவளுடைய நன்மைக்காகத்தான் ஆரம்பித்தேன்.

மைக்கிலிருந்து ஒரு வயர், கேட்கும் பெட்டிக்கு. அவள் குரல் என்று தெரிந்ததும் அது காத்திருக்கும் பெட்டியைத் தட்டும், ஏனென்றால் மனிதன் உடனே பதில் சொல்வதில்லை. பிறகு ஒலிக்கும் பெட்டி, என் அறை வாசலில் இருக்கிற ஸ்பீக்கர் வழியாக, என் குரலில், "இதோ வர்றேன்க்கா." முடிந்ததும் வயர் திரும்ப மேலே போய், அடுத்த கூப்பாட்டுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் மழையைப் போலவே இதிலும் ஒட்டுத் தெரிந்துவிடும். அதனால் ஒரு முழு நாள் உட்கார்ந்து விதவிதமாகப் பதிவு செய்தேன். தூக்கக் கலக்கத்தில் ஒன்று. வாய் நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு ஒன்று. நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தத்தோடு ஒன்று. பல் துலக்கிக்கொண்டு ஒன்று. கொஞ்சம் எரிச்சலாகவும் ஒன்று வைத்தேன், எப்போதும் நல்ல பிள்ளையாகவே பதில் வந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த எரிச்சலான பதில் வருகிறபோதெல்லாம், "சரிப்பா, கோச்சுக்காத" என்பாள்.

காலடிச் சத்தம் மட்டும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தெரியாமல் இல்லை. ஆள் நடந்து வருவது போலக் காட்டிவிட்டு வராமல் இருந்தால் அது ஏமாற்று வேலை. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. என் பதிலை என் மைக்கே கேட்டுவிட்டு, அதையும் அக்காவின் குரல் என்று நினைத்து அதற்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், வீடு முழுக்க, "இதோ வர்றேன்க்கா, இதோ வர்றேன்க்கா." அக்கா கட்டிலில் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, கிறுக்கு பிடிச்சிருச்சா? வர்றதா இருந்தா வந்து தொலையேன்."

"சும்மா உன்னைச் சிரிக்க வைக்கலாம்னுதான்க்கா" என்றேன். அன்று அவள் தலையை வாரிவிட்டேன். பதில் ஒலிக்கும்போது மைக்கின் காதைப் பொத்திவிட இன்னொரு பெட்டி வைத்தேன். அதன் பிறகு ஒரு பிசிறும் இல்லை.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். எங்கள் வீட்டின் இன்னொரு சாவி அவரிடம்தான். அக்காவுக்கும் அவருக்கும் ஒரு ஏற்பாடு. நான் வீட்டில் இல்லாமல் அவளுக்கு ஏதாவது வேண்டியிருந்தால், கட்டிலோரம் இருக்கிற ஊன்றுகோலால் தரையைத் தட்டுவாள், அந்த அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு மேலே வருவார். தம்பி பதில் சொல்லாவிட்டால்தான் தட்டுவாள். பதில் வந்துவிட்டால் தட்டமாட்டாள். கூப்பிட்ட பிள்ளை வருகிறேன் என்று சொன்ன பிறகு அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது, அது என்னை அவமானப்படுத்துவதாகிவிடுமாம்.

ஆரம்பத்தில் நான் வீட்டில் இருக்கும்போதுதான் அதை ஓடவிட்டேன். பிறகு கடைக்குப் போகும்போது. பிறகு ஒரு சினிமா. காலையில் அக்காவைக் குளிப்பாட்ட வரும் பெண் ஒரு நாள் என்னைத் தெருமுனையில் பார்த்துவிட்டாள். "இப்பதானே சார் உள்ள இருந்து பேசினீங்க?" என்றாள். போன் ஸ்பீக்கரில் பேசினேன் என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அவளை அந்த வாரமே நிறுத்திவிட்டேன். அக்காவை இனி நானே குளிப்பாட்டுகிறேன் என்றேன், குளிப்பாட்டவும் செய்தேன்.

நிறுத்தச் சொல்லும் வயரும் வைத்திருந்தேன். அதை எழுதாவிட்டால் எனக்கு நானே துரோகம் செய்வதாகும். பதில் வந்த பிறகும் பொறுக்காமல் அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், எண்ணும் பெட்டி அதைக் கண்டுகொண்டு லூப்பை நிறுத்தி, என் போனை அடிக்கவைக்கும். பதில் நின்றால் அவளும் ஊன்றுகோலைக் கையில் எடுப்பாள். நல்ல ஏற்பாடு. பல மாதம் ஓடியது. ஒரு தடவை, புது வேலை ஒன்றைப் பற்றி, எங்கள் ஊருக்கு வந்திருந்த ஓர் அருங்காட்சியகத்தின் இயக்குநரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாதியில் எழுந்து டாக்சி பிடித்து ஓடி வந்தேன். மூச்சு வாங்க உள்ளே போனால் அக்கா முகத்தை என் பக்கம் திருப்பி, "வெளிய மழை பெய்யுதாப்பா?" என்றாள்.

பெய்யவில்லை. என் கம்ப்யூட்டரில் நான் செய்து வைத்திருந்த மழை, அதை அணைக்காமல் போய்விட்டேன். அவளுக்கு மழை என்றால் உயிர். ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லத்தான் அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

அன்றைக்கு அவளை நான் வெறுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னை வளர்த்தவளை, அந்த முகத்தை, அந்தக் குரல் என் பெயரைக்கூடச் சொல்லாமல் தம்பி என்று கூப்பிடுகிற விதத்தை வெறுத்தேன். வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, நின்றுவிட்டது என்றேன்.

அந்த வேலை எப்படியோ கை நழுவாமல் கிடைத்தது. ஊர் கடலோரத்தில், ரயிலில் அரை நாள் பயணம். ஒரே ஒரு இரவு தங்க வேண்டியிருக்கும் என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் தையல்காரம்மாவை வந்து படுக்கச் சொல்லியிருப்பாள். கிளம்புகிற அன்று காலை ஊசி போட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் ரொட்டியும் வைத்தேன். தலையணையை உதறிப் போட்டேன். பிறகு என் அறைக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நிறுத்தச் சொல்லும் வயரை எடுத்துவிட்டேன்.

மவுஸ் கைதவறிப் பட்டு வயர் போயிருக்கலாம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். வக்கீலும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அந்த வயர் முடியைப் போல மெல்லியது. அதன் மேல் சரியாகக் குறி வைத்து அழுத்த வேண்டும், அது நிறம் மாறும், பிறகு இன்னொரு பட்டனைத் தட்டினால்தான் போகும். போன பிறகு நான் அதைச் சேமித்தேன். அக்கா ஒரு தடவை, "தம்பி" என்று கூப்பிடும்வரை இருந்து சோதித்துப் பார்த்தேன். எரிச்சலான பதில் வந்தது. நன்றாக இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் கடலோரக் கூடத்தில் என் மழை அருமையாகப் பெய்தது. வேலை முடிந்ததும் விடுதியில் படுத்துத் தூங்கினேன். யாரும் கூப்பிடாத தூக்கம். அது எப்படி இருக்கும் என்பதையே மறந்து போயிருந்தேன். விடிந்தும் எழவில்லை. திறப்பு விழாவுக்கும் இருந்துவிட்டுப் போங்கள் என்றார் இயக்குநர், சரி என்றேன். அடுத்த நாளும் கடற்கரையில் நடந்தேன். போன் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் அடிக்கவில்லை என்பது நிம்மதியாகத்தான் இருந்தது.

வக்கீல் சொல்கிற கதைப்படி நான் கடைசி நாள்தான் ஊருக்குத் திரும்பினேன், கதவைத் திறந்தேன், அக்காவைப் பார்த்தேன், உங்களுக்குப் போன் செய்தேன். தையல்காரம்மா மட்டும் அதற்கு முன்பே ஒரு நாள் என்னைப் படிக்கட்டில் பார்த்ததாகச் சொல்கிறார். பாவம், அழுது அழுது அவருக்கு நாள் குழம்பிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். மேலே பேச்சுக் குரல் கேட்டும் போய்ப் பார்க்காமல் விட்டோமே என்று அவர் தையல் மிஷினைத் தொடாமல் கிடக்கிறாராம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவருக்கு நாளும் குழம்பவில்லை. இதை எழுத நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான்.

நான் வந்தேன். பட்டப்பகலில், தோளில் பையும் கையில் புது ரொட்டியுமாகப் படியேறினேன். சாவியைத் துளையில் வைத்த நேரம் உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி."

குரல் ரொம்ப மெலிந்திருந்தது. நாக்கு ஒட்டிக்கொள்வது தெரிந்தது. டாக்டர் எனக்குச் சொல்லியிருந்த தாகம் அதுதான் என்று கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதும் நேரம் இருந்தது. ஊசி பிரிட்ஜில் இருந்தது, ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நான் சாவியைத் திருப்புவதற்குள் காத்திருக்கும் பெட்டி தன் மூச்சை விட்டு முடித்திருந்தது.

"இதோ வர்றேன்க்கா" என்றேன், உள்ளேயிருந்து.

நாற்காலியைத் தள்ளுகிற பதிவு அது. எவ்வளவு பிரியமாக இருந்தது தெரியுமா. அக்கா கொஞ்ச நேரம் கழித்து, "மெதுவா வாப்பா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் குரல் தணிந்துவிட்டது. அதை நான் கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டேன்.

எனக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்று நின்று யோசித்தேன். அவள் கூப்பிட்ட தம்பி உள்ளே இருந்தான். அவன் சலித்துக்கொள்ளமாட்டான், அவளை வெறுக்கவும் மாட்டான், கூப்பிட்ட எந்தத் தடவையும் அவளை மறந்ததில்லை. நான் உள்ளே போயிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக் கூடியவன் அவனைவிட மட்டமான ஆள். சாவியைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு படியிறங்கினேன். கீழே தையல்காரம்மா தலையைத் தூக்கி, "வெளிய கிளம்பிட்டீங்களா? அக்கா எப்படி இருக்காங்க?" என்றார்.

"நல்லா இருக்காங்கம்மா. இப்பதான் பேசினாங்க" என்றேன். நேராக ஸ்டேஷனுக்குப் போய், வந்த ஊருக்கே திரும்ப ரயில் ஏறினேன். ரொட்டியை வழியில் நானே சாப்பிட்டேன்.

ஆக, வயரை எடுத்தது நான். தெரிந்தே எடுத்தேன். கதவு வரை வந்து, அவள் சாகிறாள் என்று தெரிந்தே திரும்பிப் போனதும் நான்தான். இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் மேல்முறையீடு செய்யப்போவதில்லை. குற்றப்பத்திரிகையில் ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். நோயாளியைத் தனியாக விட்டுச் சென்றதாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி மூச்சு வரை நான் அவள்கூடத்தான் இருந்தேன்.